பழைய ப்ரோகிராமும் புதுப் பெட்டியும் - கொஞ்சம் புலம்பல், நிறைய சண்டை

"பழசையெல்லாம் கட்டிக்கிட்டு அழுவாதய்யா"ன்னு நண்பர் ஒருத்தர் எனக்கு உபதேசம் பண்ணினார். நல்ல மனுஷர்தான். சென்னையில பெரிய கம்பெனியில வேலை பாக்குறார். "ப்ராசசர் மாறினா பழைய சாஃப்ட்வேர் செத்துப்போகும், அது இயற்கை"ன்னு வேற ஒரு தத்துவம் சொன்னார். அதுல வந்த கடுப்புதான் இந்தப் பதிவு. அளவு கொஞ்சம் பெருசாப் போயிடுச்சு. காப்பி போட்டு எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

டிஸ்கி: நான் கம்ப்யூட்டர் படிச்சவன் இல்லை. பள்ளிக்கூடத்துல கெமிஸ்ட்ரி நடத்துறவன். கம்ப்யூட்டர் எனக்கு ஞாயித்துக்கிழமை வேலை.

விஷயத்துக்கு வர்றேன். அம்மாபேட்டை பக்கம் எங்க மாமா ஒரு அரிசி மில் வெச்சிருக்கார். மில்லுன்னதும் பெருசா கற்பனை பண்ணிக்காதீங்க. ஒரு களம், ரெண்டு கொட்டகை, நெல் அவிக்கிற தொட்டி, அரவை மெஷின், ஒரு ஆபீஸ் ரூம். அந்த ரூம்ல இருந்த கம்ப்யூட்டர்ல, டாஸுக்காக ஃபாக்ஸ்ப்ரோவுல எழுதின ஒரு கணக்கு ப்ரோகிராம் 1996-லேர்ந்து ஓடிக்கிட்டிருந்தது. எழுதினவர் கும்பகோணத்துல ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல படிச்சுட்டு வேலை தேடிக்கிட்டிருந்த பையன். மூணு மாசம் மில்லுலயே உக்காந்து, கணக்குப்பிள்ளை பக்கத்துல நின்னு சொல்லச் சொல்ல எழுதினது. அப்புறம் பையனுக்கு சிங்கப்பூர்ல வேலை கிடைச்சுது, போயிட்டார். மூல நிரலை ஒரு ஃப்ளாப்பியில போட்டு பீரோவுல வெச்சுட்டுத்தான் போனார். நம்ம ஊர் ஈரத்துக்கு அந்த ஃப்ளாப்பி என்ன ஆகியிருக்கும்னு சொல்லணுமா? பூஞ்சை பூத்து, பாக்க அழகா இருந்தது.

ஆனா ப்ரோகிராம் ஓடிச்சு. நீல ஸ்கிரீன், வெள்ளை எழுத்து. மவுஸ் கிடையாது. பேரெல்லாம் இங்கிலீஷ் பெரிய எழுத்துல, இருபது எழுத்துக்கு மேல போனா வெட்டிடும். அதனால எங்க ஊர்ல பாதிப் பேர் அந்த மில்லுல அரைப் பேரோடதான் வாழ்ந்தாங்க. ஆனா அதுக்கு எங்க ஊர் வழக்கம் தெரியும். குத்தகை நெல்லைக் கலத்துல கேட்டா கலத்துல சொல்லும், மரக்கால் மிச்சத்தையும் சொல்லும் (ஒரு கலத்துக்குப் பன்னெண்டு மரக்கால், இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்காக). யார் யார் எத்தனை சாக்கு திருப்பித் தரணும்னு தனிக் கணக்கு. எல்லாத்தையும் விட முக்கியமா, 'வெலை பேசாத நெல்'னு ஒண்ணு இருக்கு பாருங்க, அது. அறுத்ததும் வெலை கம்மியா இருந்தா, மில்லுல நெல்லை இறக்கி வெச்சுட்டு, "வெலை அப்புறம் பேசிக்கலாம்"னுட்டுப் போவாங்க. நெல் உள்ள வந்தாச்சு, ஆனா ரூபாயா இன்னும் மாறல. இதை எந்தப் பத்தியில எழுதுவீங்க? அந்தப் பையன் அதுக்குன்னு தனியா ஒரு கோப்பு வெச்சு, வெலை பேசுற அன்னைக்கு அங்கேர்ந்து எடுத்துப் பேரேட்டுல சேர்க்கிற மாதிரி எழுதியிருந்தார்.

போன தை மாசம், சம்பா அறுவடை உச்சத்துல, அந்தப் பெட்டி படுத்துடுச்சு. பெண்டியம் 4, எக்ஸ்பி போட்ட மெஷின். ராத்திரி கரண்ட் போய்ட்டு வந்ததுல பவர் சப்ளை வெடிச்சு, மதர்போர்டையும் கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு. மாமா மறுநாளே புதுசு ஒண்ணு வாங்கிட்டார். விண்டோஸ் 11, எல்லாம் பளபளன்னு. கடைப் பையன் பழைய டிஸ்க்கைக் கழட்டி, அதுல இருந்த ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணிக் குடுத்தான். க்ளிக் பண்ணினா, இந்த ஆப் உங்க கம்ப்யூட்டர்ல ஓடாதுன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி ஒரு பெட்டி. கடைப் பையன் கை விரிச்சுட்டான்.

ரெண்டாம் நாளே ஒரு சாஃப்ட்வேர் ஆசாமி வந்து உக்காந்துட்டார். எப்படித்தான் மூக்குல வேர்க்குமோ. எந்தக் கம்பெனின்னு சொல்லப்போறதில்லை. வருஷ சந்தா, நெட் இருந்தாத்தான் வேலை செய்யும், கிலோ குவிண்டால் மட்டும்தான் தெரியும். "இருபத்தொம்பது வருஷக் கணக்கு என்னாகும்?"னு மாமா கேட்டதுக்கு அவர் சொன்ன பதில்தான் என்னை இங்க உக்காந்து எழுத வெச்சிருக்கு. "அதெல்லாம் எதுக்கு சார்? போன வருஷக் கடைசியில பிரிண்ட் எடுத்த நிலுவைப் பட்டியல் இருக்குல்ல? அதைப் பாத்து ஆரம்ப நிலுவை போட்டுக்கலாம். புது வாழ்க்கை ஆரம்பிங்க."

புது வாழ்க்கையாம்!

அந்த ஞாயித்துக்கிழமை நான் போனேன். என் லேப்டாப்புல டாஸ்பாக்ஸ்-எக்ஸ் போட்டேன். காசு கிடையாது, இலவசம். அந்த ஃபோல்டர் மொத்தமே நாப்பது எம்பிக்குள்ள. இன்னைக்கு நாம ஒரு கல்யாணத்துல எடுக்குற பத்துப் போட்டோ அளவு. ஃபோல்டரை டிரைவா மவுண்ட் பண்ணி, அமைப்புக் கோப்புல ஒரே நேரத்துல திறக்கிற ஃபைல் எண்ணிக்கையைக் கூட்டிவெச்சு, என்டர் தட்டினேன். நீல ஸ்கிரீன் வந்து நின்னுது. மாமா எழுந்து நின்னுட்டார். நிஜமா.

பிரிண்டருக்குத்தான் பாதி நாள் போச்சு. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு வேண்டிய அகலமான பேரலல் போர்ட் புதுப் பெட்டியில இல்லை. யுஎஸ்பி மாத்துக் கேபிள் தஞ்சாவூர் போய் வாங்கிவந்து, டாஸ்பாக்ஸ்-எக்ஸுக்குள்ளேர்ந்து அதுக்கு வழி காட்டி, பேப்பர் ரெண்டு தடவை கோணலாப் போய், சாயங்காலம் நாலு மணிக்குக் கீச் கீச்னு சத்தம் கேட்டுது. அந்தச் சத்தத்துக்குக் களத்துலேர்ந்து ஆளுங்க எட்டிப் பாத்தாங்க.

இப்ப நண்பரோட 'இயற்கை'க்கு வர்றேன்.

டாஸ் ப்ரோகிராம் 64-பிட் விண்டோஸ்ல ஏன் ஓடலை? ப்ராசசர்தான் காரணம்னு எல்லாரும் சொல்வாங்க. பாதி உண்மை. இன்டெல் 1985-ல கொண்டுவந்த 386 சிப்புல, பழைய 8086 மாதிரி நடிக்கிற ஒரு முறை இருந்தது. எக்ஸ்பி வரைக்கும், ஏன் 32-பிட் விண்டோஸ் 10 வரைக்கும், டாஸ் ப்ரோகிராம் ஓடினது அந்த நடிப்பைப் பயன்படுத்தித்தான். 2003-ல ஏஎம்டி 64-பிட் சிப்பைக் கொண்டுவந்தப்ப, 64-பிட் முறையில இருக்கும்போது அந்த நடிப்பு கிடையாதுன்னு வெச்சுட்டாங்க. மைக்ரோசாஃப்டும் 64-பிட் விண்டோஸ்ல டாஸ் வசதியையே எடுத்துட்டாங்க. விண்டோஸ் 11-ல 32-பிட் பதிப்பே கிடையாது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. கதவு சாத்தியாச்சு.

மீதிப் பாதி என்னன்னா, இதே மைக்ரோசாஃப்ட் தொண்ணூறுகள்ல விண்டோஸ் என்டியை ஆல்ஃபா, மிப்ஸ்னு இன்டெல்லுக்குச் சம்பந்தமே இல்லாத சிப்புகள்லயும் வித்தாங்க. அதுலயும் டாஸ் ப்ரோகிராம் ஓடிச்சு! எப்படி? ப்ராசசரையே மென்பொருளால நடிக்க வெச்சாங்க. இன்சிக்னியான்னு ஒரு கம்பெனியோட தொழில்நுட்பத்தை வாங்கி உள்ள வெச்சிருந்தாங்க. அந்தக் காலத்து மெஷின் வேகத்துலயே முடிஞ்சது, இன்னைக்கு மெஷின்ல முடியாதா? ஞாயித்துக்கிழமை வாத்தியார் ஒருத்தன் இலவச சாஃப்ட்வேரை வெச்சு முடிச்சுட்டான். 16-பிட் விண்டோஸ் ப்ரோகிராம்களுக்கும் வைன்விடிஎம்னு ஆர்வலர்கள் எழுதி இலவசமா வெச்சிருக்காங்க. ஆக, முடியாததுனால நிறுத்தலை. லாபம் இல்லைன்னு நிறுத்தினாங்க. அது அவங்க வியாபாரம், தப்புன்னு கூட நான் சொல்லலை. அதுக்கு 'இயற்கை'ன்னு பேர் வைக்காதீங்க, அவ்வளவுதான்.

மனசு வெச்சா எப்படி இருக்கும்னு ஐபிஎம்மைப் பாருங்க. 1988-ல ஏஎஸ்/400 மெஷினை விட்டாங்க. ப்ரோகிராமுக்கும் சிப்புக்கும் நடுவுல வேணும்னே ஒரு அடுக்கை வெச்சாங்க. 1995-ல உள்ள இருந்த சிப்பையே 48-பிட்லேர்ந்து 64-பிட் பவர்பிசிக்கு மாத்தினப்ப, தேவையான தகவலோட இருந்த பழைய ப்ரோகிராம்களை மெஷினே புது சிப்புக்கு மொழிபெயர்த்துக்கிச்சு. மூல நிரல் கூடத் தேவைப்படலை. அதே ஐபிஎம்மோட 1964-ம் வருஷ சிஸ்டம்/360-க்கு எழுதின ப்ரோகிராம்கள் அவங்க இன்னைய பெரிய மெஷின்கள்லயும் ஓடும். ஏன்? வாங்கினவன் பேங்க். கத்தினா காதுல விழும். எங்க மாமா கத்தினா அம்மாபேட்டை தாண்டாது.

நம்ம ரயில்வே முன்பதிவையே எடுத்துக்கங்களேன். 1985-ல டில்லியில வாக்ஸ் மெஷின்ல ஆரம்பிச்சது. அப்புறம் ஆல்ஃபா, அப்புறம் இட்டானியம்னு கீழ இருக்கிற சிப்பு மாறிக்கிட்டே வந்தது. அதுக்காக யாராவது "பழைய டிக்கெட்டெல்லாம் செல்லாது, புது வாழ்க்கை ஆரம்பிங்க"ன்னு சொன்னாங்களா? திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ்ல நாம பாட்டுக்கு உக்காந்துதானே போனோம்?

ஆப்பிள் பக்தர்கள் சிரிக்கிறது கேக்குது. சிரிக்காதீங்க. 2006-ல இன்டெல்லுக்கு மாறினப்ப ரொசெட்டான்னு பாலம் போட்டுக் குடுத்தாங்க, பழைய பவர்பிசி சாஃப்ட்வேர் ஓடிச்சு. 2011-ல லயன் வந்தப்ப பாலத்தை எடுத்துட்டாங்க. 2019-ல 32-பிட் ஆப்புகளை ஒரேயடியா நிறுத்தினாங்க. 2020-ல எம்1 சிப்பு, ரொசெட்டா 2. பிரமாதமான வேலை, மறுக்கலை. 2025 ஜூன்ல சொல்லிட்டாங்க, மேக் ஓஎஸ் 27 வரைக்கும்தான் முழுசா இருக்கும், அதுக்கப்புறம் சில பழைய விளையாட்டுகளுக்காகக் கொஞ்சம் மிச்சம் வைப்போம்னு. விளையாட்டுக்கு இருக்கு. கணக்குக்கு இல்லை. நல்லா இருக்குல்ல?

அடுத்தது நம்ம வீட்டுக்கே வருது. ஆர்ம் சிப்பு போட்ட விண்டோஸ் லேப்டாப்புகள் இப்ப நிறைய விக்குது. சாதாரண ப்ரோகிராமெல்லாம் ப்ரிஸம்ங்கிற மொழிபெயர்ப்பான் வழியா ஓடிடும். ஆனா டிரைவர்கள் அந்த வழியில ஓடாது, ஆர்முக்குன்னு புதுசா எழுதியிருக்கணும். விசைப்பலகை உள்ளீட்டு மென்பொருளும் அப்படித்தான், சிப்பு வேறன்னா தகராறு வரலாம்னு மைக்ரோசாஃப்டே எழுதி வெச்சிருக்காங்க. இது யாருக்கு வலிக்கும்? இங்கிலீஷ்காரனுக்கு ஒரு நிமிஷம் கூட வலிக்காது. பல வருஷமா யாரோ ஒரு புண்ணியவான் இலவசமா எழுதிக் குடுத்த தமிழ்த் தட்டச்சு மென்பொருளை நம்பிப் பதிவு எழுதுற நமக்குத்தான் வலிக்கும். புது லேப்டாப் வாங்கப் போறவங்க கடையில ஒரு தடவை 'அம்மா' அடிச்சுப் பாத்துட்டு வாங்குங்க.

தஞ்சாவூர்ல டிடிபி கடைகளைப் பாத்திருப்பீங்க. கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி. மூலையில ஒரு பழைய எக்ஸ்பி பெட்டி துணி போர்த்தி உக்காந்திருக்கும். பேஜ்மேக்கருக்காக. அடோபி அதோட கடைசிப் பதிப்பை விட்டது 2001-ல. எனக்குத் தெரிஞ்ச கடைக்காரர் ஒருத்தர் காசு குடுத்து வாங்கின தமிழ் எழுத்துருப் பொதியை ஓட்ட, பேரலல் போர்ட்ல சொருகுற டாங்கிள் ஒண்ணு வேணும். அது இல்லாம எழுத்தே வராது. டாங்கிளுக்கான டிரைவர் 32-பிட், அது 64-பிட் விண்டோஸ்ல ஏறாது. வித்தவங்க இப்ப போனை எடுக்கிறதில்லை. திருடி வெச்சிருக்கிறவன் டாங்கிள் உடைச்ச பதிப்புல ஜாம் ஜாம்னு இருக்கான். காசு குடுத்தவர் துணி போர்த்தின பெட்டிக்குப் பூஜை பண்றார். 2010-ல செம்மொழி மாநாட்டுச் சமயத்துல யூனிகோடும் டேஸ்-16-ம்தான் இனிமே தரம்னு தமிழக அரசு ஆணை போட்டுது, நல்ல விஷயம். ஆணை போட்டதும் அவர் டிஸ்க்குல இருக்கிற பதினஞ்சு வருஷத்து நோட்டீஸ் எல்லாம் தானா மாறிடலை.

"டேட்டாவைக் காப்பாத்தினா போதாதா, ப்ரோகிராம் எதுக்கு?"ன்னு சிலர் கேக்கலாம். நியாயமான கேள்வி, நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். மதுரைத் திட்டம் 1998-ல ஆரம்பிச்சது, திஸ்கியில (நம்ம டிஸ்கி இல்லை :-)) போட்ட நூல்களையெல்லாம் பின்னால யூனிகோடுக்கு மாத்திட்டாங்க. எழுதினது வெறும் எழுத்து, அதனால நிரல் போனாலும் நூல் தப்பிச்சுது. கணக்கு அப்படி இல்லை. ஃபாக்ஸ்ப்ரோவோட டிபிஎஃப் கோப்பு ஒண்ணும் ரகசியம் கிடையாது, லிப்ரே ஆபீஸ்ல திறக்கலாம். திறந்தேன். அட்டவணை அட்டவணையா வந்தது. ஒரு பத்தியோட தலைப்பு ரெண்டே எழுத்து, உள்ள 1, 2, 7, 9-னு எண். 7-ன்னா என்ன? கணக்குப்பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கும், அவர் போய்ச் சேர்ந்துட்டார். எழுதினவருக்கே போன் போட்டேன், "முப்பது வருஷம் ஆச்சு சார்"னு சிரிச்சார். 7-க்கு அர்த்தம் தெரிஞ்ச ஒரே ஆள் அந்த ப்ரோகிராம்தான். அதை ஓட்டிப் பாத்தப்புறம் புரிஞ்சுது: வெலை பேசாத நெல்.

இங்கதான் ஆசாமி சொன்ன ஆரம்ப நிலுவைக்கு வர்றேன். மாசிப் பொறப்புக்கு முன்னால ஒரு அம்மா மில்லுக்கு வந்தாங்க. அவங்க வீட்டுக்காரர் 2021-ல கொரோனாவுல தவறிட்டார். "தம்பி, அவுக கொஞ்சம் நெல்லு இங்க போட்டு வெச்சிருக்கேன், வெலை பேசலைன்னு சொல்லிக்கிட்டிருந்தாக. சீட்டு எங்க வெச்சாகளோ தெரியலை. பொண்ணுக்குச் செய்யவேண்டியது ஒண்ணு வந்துருக்கு, அதான் கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன்"னாங்க. கேக்குறதுக்கே அவ்வளவு கூச்சம். மாமா நிலுவைப் பட்டியலை எடுத்துப் பாத்தார். அவர் பேருக்கு நேரா பூஜ்யம். மாமா பொய் சொல்றவர் இல்லை, பட்டியலும் பொய் சொல்லலை. ரூபாய்க் கணக்கு நிஜமாவே பூஜ்யம்தான். அந்தப் பட்டியல்ல ரூபாய் மட்டும்தான் வரும்.

அன்னைக்கு நீல ஸ்கிரீன் ஓடிக்கிட்டிருந்தது. அரைப் பேரை அடிச்சுத் தேடினோம். 2020 தை மாசம், பதினாலு மூட்டை, வகை 7.

புது சாஃப்ட்வேர்ல அந்த பூஜ்யத்தைப் பாத்து பூஜ்யம்னு ஏத்தியிருப்பாங்க. யாரும் திருடலை, யாரும் ஏமாத்தலை, பதினாலு மூட்டை காத்துல போயிருக்கும். மாமாவுக்கும் தெரிஞ்சிருக்காது, அந்த அம்மாவும் ரெண்டாவது தடவை கேட்டிருக்க மாட்டாங்க. இது மாதிரி வகை 7 இன்னும் எத்தனை இருக்குன்னு அன்னைக்கு ராத்திரி பாத்தோம். பதினோரு பேர்.

எல்லாப் பழசையும் தூக்கி வெச்சுக் கொண்டாடச் சொல்லலை, அதையும் சொல்லிடுறேன். நம்ம காலேஜ்கள்ல டர்போ சி++ வெச்சுக்கிட்டு அடிச்ச கூத்து மறக்குமா? 1998-லயே சி++ மொழிக்கு உலகத் தரம் வந்தாச்சு. அதுக்கப்புறமும் பல வருஷம், 64-பிட் மெஷின்ல டாஸ்பாக்ஸைப் போட்டு, அதுக்குள்ள டர்போ சி++ போட்டு, புதுசா மொழி கத்துக்கிற பிள்ளைங்களுக்குச் செல்லாத இலக்கணத்தைச் சொல்லிக்குடுத்தோம். வெளியில இலவசமா நல்ல கம்பைலர் கொட்டிக் கிடந்தது. அதுக்குப் பேர் சோம்பேறித்தனம். அங்க காப்பாத்த ஒண்ணுமே இல்லை, வாத்தியாரோட நோட்ஸைத் தவிர. (நானும் வாத்தியார்தான், அடிக்க வராதீங்க.)

புது வேகமே பழசைக் கவுத்தின கதையும் உண்டு. டர்போ பாஸ்கல்ல எழுதின ப்ரோகிராம்கள், பெண்டியம் 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டினதும், ஆரம்பிக்கும்போதே 'ரன்டைம் எரர் 200'னு விழுந்துச்சு. மெஷின் வேகத்தை அளக்க ஒரு சுத்து சுத்தி எண்ணிப் பாத்து, அதை 55-ஆல வகுப்பாங்க. மெஷின் ரொம்ப வேகமா எண்ணிட்டதால விடை 16-பிட் பெட்டிக்குள்ள அடங்கலை. மெஷின் நல்லா ஓடினதுதான் தப்பு! அதுக்கும் யாரோ ஒட்டுப் போட்டுக் குடுத்தாங்க, ஓடிச்சு. கம்பெனிக்குக் காத்திருக்கலை.

நண்பர் இன்னொண்ணும் சொன்னார்: "பாதுகாப்பு? வைரஸ்?" சரிதான். எக்ஸ்பி பெட்டியை நெட்டுல மாட்டி வெச்சா அது தப்பு, நானே திட்டுவேன். டாஸ்பாக்ஸுக்குள்ள ஓடுற ஃபாக்ஸ்ப்ரோவுக்கு நெட்டுன்னா என்னன்னே தெரியாது. ராத்திரி எட்டு மணிக்கு ஃபோல்டரை ரெண்டு பென்டிரைவ்ல காப்பி எடுக்கிறாங்க. ஜிஎஸ்டி சமாச்சாரமெல்லாம் ஆடிட்டர் ஆபீஸ்ல வேற சாஃப்ட்வேர்ல ஓடுது, அது பாட்டுக்கு ஓடட்டும். டாஸ்பாக்ஸ் எழுதினவங்க அதை விளையாட்டுக்காகத்தான் எழுதினோம், ஆபீஸ் வேலைக்கு நம்பாதீங்கன்னு சொல்றதும் எனக்குத் தெரியும். அதனாலதான் முதல் ரெண்டு மாசம் கையெழுத்துக் கணக்கும் கூடவே எழுத வெச்சேன். ரெண்டும் ஒத்துப்போச்சு.

டாஸ்பாக்ஸ்ல எனக்குப் பிடிச்ச சங்கதி ஒண்ணு. அது ப்ராசசரை முழுக்க மென்பொருள்லயே நடிச்சுக் காட்டுது. அதனால கீழ என்ன சிப்பு இருந்தாலும் அதுக்குக் கவலை இல்லை. என் பையனோட ராஸ்பெர்ரி பை பலகையில, இன்டெல்லோட ஒரு வார்த்தை கூடப் புரியாத ஆர்ம் சிப்புல, மில்லு ப்ரோகிராமை ஓட்டிப் பாத்தேன். ஓடிச்சு. 2023-ல இன்டெல்லே பழைய 16-பிட் முறையைச் சிப்புலேர்ந்து எடுத்துடலாம்னு ஒரு திட்டம் போட்டு, 2024 டிசம்பர்ல கைவிட்டுட்டாங்க. நாளைக்கு மறுபடியும் ஆரம்பிக்கட்டுமே. எங்க மாமாவுக்கு ஒண்ணும் ஆகாது.

எங்க ஊர்க்காரங்களுக்குத் தெரிஞ்ச ஒரு சமாச்சாரம் சொல்றேன். மாமா மில்லுக்குத் தையில வர்ற நெல்லுல பெரும்பங்கு சி.ஆர். 1009. கட்டாக்குல உருவான ரகம், 1982-ல வந்தது, நம்ம பக்கம் பொன்மணின்னு பேர். நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. வெள்ளத்துல மூழ்கினா அழுகிடும்ங்கிறது அதோட குறை. விஞ்ஞானிங்க என்ன பண்ணாங்க? "இது பழசு, தூக்கிப்போடு"ன்னாங்களா? தண்ணியில மூழ்கினாலும் தாங்குற மரபணுவை, ஒடிசாவோட இன்னொரு பழைய நெல்லுலேர்ந்து எடுத்து இதுக்குள்ள சேர்த்து, சி.ஆர். 1009 சப்-1-னு குடுத்தாங்க. அதே நெல், அதே வயசு, அதே சோறு, கூட ஒரு தாங்கும் சக்தி. வெதை நெல்லு விஷயத்துல இவ்வளவு புத்தியா இருக்கிற நாட்டுல, கணக்கு ப்ரோகிராம் விஷயத்துல மட்டும் ஏன்யா ஆரம்ப நிலுவை பூஜ்யம்?

சாஃப்ட்வேர் விக்கிறவங்களைக் கேக்குறேன். புதுசு வித்துக்கங்க, பொழப்பு நடக்கணும். ஆனா பழைய ப்ரோகிராமை ஒரு தடவை ஓட்டிப் பாத்து, அதுல இருக்கிற ஒவ்வொரு வகைக்கும் என்ன அர்த்தம்னு தெரிஞ்சுக்காம அடுத்தவன் கணக்குல கை வைக்காதீங்க. ஓட்டத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. 'ஓடாது'ன்னு சொல்லாதீங்க. டாங்கிள் வெச்சு வித்தவங்க, கடையை மூடுறதுக்கு முன்னால டாங்கிள் இல்லாம ஓடுற ஒரு பதிப்பை வாங்கினவனுக்குக் குடுத்துட்டு மூடுங்க. வீட்டைக் காலி பண்றவன் சாவியைக் குடுத்துட்டுப் போகமாட்டானா?

நம்ம பதிவர் மக்கள்ல கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க நூறு பேராவது இருப்பீங்க. ஊருக்குப் போறப்ப, அப்பா கடையிலயோ சித்தப்பா உரக்கடையிலயோ துணி போர்த்தின பெட்டி ஏதாவது இருந்தா, அது சாகுறதுக்கு முன்னால அந்த ஃபோல்டரை ஒரு காப்பி எடுத்துடுங்க. டிஸ்க்கு படுத்தப்புறம் என்னைக் கூப்பிட்டா நான் கெமிஸ்ட்ரி வாத்தியார்தான்.

அந்த அம்மாவுக்கு அன்னைய வெலையில பதினாலு மூட்டைக்குப் பணம் எண்ணி வெச்சார் மாமா. சீட்டு அடிக்கச் சொன்னார். டாட் மேட்ரிக்ஸ் கீச்சிட்டு நிறுத்தினதும் கிழிச்சு அவங்க கையில குடுத்தார். அவங்களுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. வீட்டுக்காரர் பேர் எங்க இருக்குன்னு கேட்டாங்க. விரலை வெச்சுக் காட்டினேன். கடைசி ரெண்டு எழுத்து வெட்டியிருந்தது. "இதானா அவுக பேரு"ன்னு ஒரு தடவை தடவிப் பாத்துட்டு, நாலா மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டுப் போனாங்க.

சாஃப்ட்வேர் ஆசாமி போன வாரம் மறுபடி போன் பண்ணியிருக்கார். "என்ன சார், முடிவு பண்ணிட்டீங்களா?"ன்னு. மாமா போனை என்கிட்ட குடுத்து, "மாப்ளே, வகை 7-ன்னா என்னான்னு கேளு"ன்னார்.